வளவுக்கு ஏற்ற புல்வெட்டி: ரொறன்ரோப் பகுதி வீட்டுக்காரருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

புல் வெட்டிய மறுநாள் காலையில் முன்வளவில் குந்தியிருந்து ஒரு புல்லைப் பிடுங்கி அதன் நுனியைப் பாருங்கள். கத்தரிக்கோலால் நறுக்கியதுபோல் நேராக இருந்தால் உங்கள் இயந்திரம் ஒழுங்காக வேலை செய்திருக்கிறது. நார் நாராகக் கிழிந்து வெளிறியிருந்தால் பிளேட் புல்லை வெட்டவில்லை, அடித்துக் கிழித்திருக்கிறது. இரண்டு நாளில் அந்த நுனிகள் காய்ந்துவிடும். தெருவில் நின்று பார்த்தால் தரை முழுவதும் சாம்பல் பூத்ததுபோல் தெரியும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து நாமும் மேலும் மேலும் தண்ணீர் விடுவோம். நான் இரண்டு கோடை முழுவதும் அப்படித்தான் விட்டேன்.

ஸ்காபரோவில் வீடு வாங்கிய ஆண்டு, கடைக்குப் போய் எந்த எஞ்சின் பெரியது என்று மட்டும் கேட்டு அதையே வாங்கி வந்தேன். அது என் வளவுக்கும் பொருந்தவில்லை, என் புல்லுக்கும் பொருந்தவில்லை. மனைவியால் அதன் கயிற்றை இழுத்து எழுப்பவே முடியவில்லை. அதன் பிறகு வேறு இரண்டு வகைகளை வைத்திருந்து பழகிவிட்டேன். சொந்தக்காரர் யாராவது மார்க்கத்திலோ பிரம்டனிலோ வீடு வாங்கினால் புல்வெட்டி பற்றி என்னைக் கேட்கிறார்கள். நான் அவர்களிடம் எந்த வரிசையில் கேள்வி கேட்பேனோ அந்த வரிசையிலேயே இதை எழுதுகிறேன். பின்னால் நடந்து தள்ளுகிற புல்வெட்டிகளைப் பற்றி மட்டுமே இங்கே பேசுகிறேன். நகரத்து வீடுகளுக்கு ஏறி ஓட்டுகிற வகை தேவையே இல்லை.

படி 1: கடைக்குப் போகுமுன் அளவுநாடா

காணியின் அளவு வேறு, புல்லின் அளவு வேறு. 40 அடி அகலமும் 110 அடி நீளமும் உள்ள காணி 4,400 சதுர அடி. அதில் வீடு, டிரைவ்வே, பின்பக்கத்து மேடை, பூப்பாத்தி, கத்தரியும் மிளகாயும் வைத்த பாத்தி எல்லாவற்றையும் கழித்தால் புல் பெரும்பாலும் பாதிக்கும் குறைவு. புதிய குடியிருப்புகளில் முன்னும் பின்னும் சேர்த்தாலும் 1,500 சதுர அடியைத் தாண்டாத வீடுகள் ஏராளம். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் கட்டிய ஸ்காபரோ பங்களாக்களில்தான் கொஞ்சம் தாராளமான வளவு கிடைக்கும்.

இந்தக் கணக்கு ஏன் முக்கியம்? 21 அங்குல வெட்டகலம் உள்ள இயந்திரத்தைச் சாதாரண நடையில் தள்ளினால், திரும்புகிற நேரத்தையும் சேர்த்து, 2,000 சதுர அடியைப் பதினைந்து இருபது நிமிடத்தில் முடித்துவிடலாம். ஆகவே 20 அங்குலமா 22 அங்குலமா என்று கடையில் நின்று யோசிப்பதால் மிஞ்சப்போவது ஓரிரு நிமிடம்.

அகலத்தைவிட எனக்குப் பெரிய பாடம் தந்தது பக்கத்துப் படலை. இரண்டு வீடுகளுக்கு நடுவில் உள்ள ஒடுக்கமான பாதை, அதில் நிற்கிற குளிரூட்டிப் பெட்டி, அதைத் தாண்டியதும் மூன்று படிக்கட்டு. இந்த வழியாகத்தான் இயந்திரம் பின்வளவுக்குப் போக வேண்டும். மிகவும் ஒடுக்கமான இடத்தை அளந்து எழுதி வையுங்கள். 21 அங்குலம் என்பது பிளேட்டின் வெட்டகலம் மட்டுமே. வெளிக்கூடும் சில்லுகளும் அதற்கு மேலே இன்னும் சில அங்குலம் பிடிக்கும். படிக்கட்டு இருந்தால் அதைத் தூக்கப் போகிறவர் யார் என்பதையும் இப்போதே முடிவுசெய்யுங்கள். தானே ஓடுகிற (சில்லுகளை எஞ்சினே உருட்டும், நாம் பின்னால் நடந்தால் போதும்) பெற்றோல் இயந்திரம் 35 முதல் 40 கிலோ வரை இருக்கும், பற்றரி இயந்திரம் 30 கிலோவுக்கு முன்பின்னாக இருக்கும்.

சரிவையும் மரவேர்களையும் தெருவோரப் பள்ளத்தையும் கூடவே குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: உங்கள் புல் என்ன கேட்கிறது

ஊரில் நாம் கண்ட அருகம்புல் நிலத்தோடு படர்கிறது. ஆடு கடித்தாலும் காலால் மிதித்தாலும் ஒட்ட வெட்டினாலும் மறுபடி தழைத்துவிடும். அந்தப் பழக்கத்தோடு இங்கே வந்து புல்லை மொட்டையாக வெட்டுகிறோம். இங்குள்ள வளவுகளில் இருப்பவை கென்டக்கி புளூகிராஸ், ஃபெஸ்கியூ, ரை ஆகிய குளிர்நிலப் புற்களின் கலவை. இவை நிமிர்ந்து வளர்பவை, இலையை நம்பி வாழ்பவை. 6 முதல் 8 சென்ரிமீற்றர் உயரத்தில் விட்டால் வேர் ஆழமாக இறங்கும், மண்ணின் ஈரம் காயாது. ஜூலை வெய்யிலுக்கும் தாக்குப்பிடிக்கும்.

ஒன்ராறியோவில் உயரத்துக்கு இன்னொரு முக்கியத்துவம் உண்டு. 2009 ஏப்ரல் 22 முதல் இந்த மாகாணத்தில் அழகுக்காகக் களைக்கொல்லி அடிப்பதற்குத் தடை இருக்கிறது. கடையில் வாங்கித் தெளித்து டண்டேலியனை ஒழித்த காலம் போய்விட்டது. இப்போது நம் கையில் உள்ள முதல் களைக்கொல்லி நிழல்தான். புல் உயரமாகவும் அடர்த்தியாகவும் நின்றால் கீழே விழுந்த களைவிதைக்கு வெளிச்சம் கிடைக்காது. ஆகவே நான் முதலில் பார்ப்பது எஞ்சினை அல்ல, உயரத்தை மாற்றுகிற நெம்பை. 9 அல்லது 10 சென்ரிமீற்றர் வரை உயராத இயந்திரம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். ஒரே நெம்பில் நான்கு சில்லும் சேர்ந்து உயர்வது நல்லது. சில்லுக்கு ஒரு நெம்பு இருந்தால், அவசரத்தில் மூன்றை மாற்றி ஒன்றை மறந்துவிடுவோம், தரை சாய்வாக வெட்டுப்பட்டுவிடும்.

ஒரே தடவையில் புல்லின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது பழைய விதி. ஏழரை சென்ரிமீற்றரில் வைத்திருக்க விரும்பினால் 11 சென்ரிமீற்றர் ஆகும்போது வெட்ட வேண்டும். மே மாதத்தில், மழையும் வெய்யிலும் மாறி மாறி வருகிற நாட்களில், ஐந்தாறு நாளுக்குள் அந்த உயரம் வந்துவிடும். கோடைப் பயணத்தில் வெட்டாமல் விட்டு வந்தால் இரண்டு தடவையாக, இடையில் சில நாள் விட்டு வெட்டுங்கள். ரொறன்ரோ நகரச் சட்டப்படி புல் 20 சென்ரிமீற்றரைத் தாண்டக் கூடாது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

படி 3: எந்தச் சக்தியில் ஓடுவது

இதில்தான் பணமும் குழப்பமும் அதிகம். ஒவ்வொன்றாக வருகிறேன்.

கையால் தள்ளும் உருளை வகை. இங்கிலாந்தில் குளொஸ்டர்ஷயர் பகுதியைச் சேர்ந்த எட்வின் பட்டிங் 1830இல் காப்புரிமை பெற்ற இயந்திரத்தின் நேரடி வாரிசு இது. துணி ஆலையில் துணியின் மேற்பரப்பைச் சீராக நறுக்குகிற இயந்திரத்தைப் பார்த்துத்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது என்பார்கள். சுழலும் பிளேட்டுகள் கீழே நிலையாக உள்ள தகட்டோடு உரசிப் புல்லைக் கத்தரிக்கின்றன. வெட்டின் சுத்தத்தில் இதற்கு நிகர் இல்லை. சத்தமும் இல்லை, புகையும் இல்லை. முன்வளவு மட்டும், 1,000 சதுர அடிக்குள், சமதரையாக இருந்து, வாரம் தவறாமல் வெட்டுகிறவராக நீங்கள் இருந்தால் இதை வாங்குங்கள், மகிழ்ச்சியாக இருப்பீர்கள். ஆனால் ஒரு வாரம் பிந்திவிட்டால் புல் மடிந்து பிளேட்டுக்குக் கீழே படுத்துவிடும். டண்டேலியன் தண்டு அப்படியே வளைந்து கொடுத்துவிட்டு நிமிரும். பல மாதிரிகள் 6 அல்லது 7 சென்ரிமீற்றருக்கு மேல் உயர்வதும் இல்லை.

வயர் பூட்டும் மின்சார வகை. மலிவானது, பாரம் குறைந்தது, பராமரிப்பு இல்லை. வயரை இழுத்து இழுத்து வெட்டுவதுதான் தொல்லை. மரமோ பூப்பாத்தியோ இல்லாத சிறிய சதுர வளவுக்குப் போதும். வெளிப்பாவனைக்கான தடித்த நீட்டு வயரையே பயன்படுத்துங்கள், வீட்டுக்குள் விளக்குக்கு வைத்திருக்கும் மெல்லிய வயர் சூடேறிவிடும். பிளக் இருக்கிற சுவரின் பக்கத்தில் தொடங்கி, வயர் எப்போதும் வெட்டி முடித்த பக்கத்தில் கிடக்கும்படி விலகிப் போக வேண்டும்.

பற்றரி வகை. இன்று நகரத்து வீடு ஒன்றுக்கு என்னிடம் யோசனை கேட்டால், பத்தில் எட்டுப் பேருக்கு இதைத்தான் சொல்வேன். பொத்தானை அழுத்திப் பிடியை இழுத்தால் ஓடுகிறது. எழுபது வயது மாமியாலும் எழுப்ப முடிகிறது, கயிறு இழுத்துத் தோள் பிசகுவதில்லை. பக்கத்து வீட்டில் குழந்தை தூங்கினாலும் வெட்டலாம்.

ஆனால் பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிற வோல்ற் எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். 40, 56, 60, 80 என்று போட்டிருப்பது பெரும்பாலும் பற்றரி முழுதாக ஏறிய கணத்தின் உச்ச அளவு. வேலை செய்யும்போது அது கொஞ்சம் குறைவாகவே இருக்கும். எவ்வளவு நேரம் ஓடும் என்பதைச் சொல்வது வோல்றையும் அம்பியர்-மணியையும் பெருக்கி வருகிற வாற்-மணி. 40 வோல்ற், 6 அம்பியர்-மணி என்றால் 240. 56 வோல்ற், 5 அம்பியர்-மணி என்றால் 280. 80 வோல்ற், 2 அம்பியர்-மணி என்றால் 160 மட்டுமே. பெரிய எண் போட்ட பெட்டிக்குள் சிறிய பற்றரி இருக்கலாம். பற்றரியைத் திருப்பிப் பார்த்தால் வாற்-மணி அச்சிட்டிருக்கும், அதை வைத்து ஒப்பிடுங்கள். பெட்டியில் சொல்கிற நிமிடக் கணக்கு காய்ந்த, குட்டையான புல்லுக்கானது. மே மாதத்து ஈரப்புல்லில் அதில் பாதிதான் கிடைக்கும் என்று எண்ணிக்கொண்டு வாங்கினால் ஏமாற்றம் இராது.

இன்னொன்று: பற்றரி இயந்திரம் வாங்குகிறவர் உண்மையில் ஒரு குடும்பத்துக்குள் போகிறார். ஒரு நிறுவனத்தின் பற்றரி மற்றதற்குப் பொருந்தாது. ஓரம் வெட்டும் கருவி, இலை ஊதி, ஒருநாள் பனி தள்ளும் இயந்திரம், எல்லாமே அதே பற்றரியில் ஓட வேண்டும் என்றால், முதல் வாங்குதலில் அந்த நிறுவனத்திடம் வேறு என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். உத்தரவாதத்தையும் இரண்டாகப் படியுங்கள். பல நிறுவனங்கள் இயந்திரத்துக்கு ஒரு காலமும் பற்றரிக்கு அதைவிடக் குறைந்த காலமும் தருகின்றன. மாற்றுப் பற்றரி ஒன்றின் விலையை வாங்கும் நாளிலேயே கேட்டு வையுங்கள், அது சிறிய தொகை அல்ல.

பெற்றோல் வகை. கால் ஏக்கருக்கு, அதாவது சுமார் 10,900 சதுர அடிக்கு, மேலே புல் இருந்தால், அல்லது புல் முழங்கால் உயரம் வளர்ந்த பிறகே வெட்ட நேரம் கிடைக்கிற வாழ்க்கை என்றால், இதுவே உழைக்கும். நன்றாகப் பராமரித்தால் பதினைந்து ஆண்டும் ஓடும். அதற்கான விலையைப் பராமரிப்பில் கொடுக்க வேண்டும்: ஒயில், காற்று வடி, ஸ்பார்க் பிளக், எல்லாவற்றுக்கும் மேலாகப் பழைய பெற்றோல். இங்கு கிடைக்கும் சாதாரண பெற்றோலில் எத்தனோல் கலந்திருக்கிறது. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஆறு மாதம் தாங்கியில் கிடந்தால் பிசினாகி, கார்புரேற்றரின் நுண்துளைகளை அடைத்துவிடும். வசந்தத்தில் "போன வருஷம் நல்லாத்தான் ஓடினது" என்று சொல்லிக்கொண்டு திருத்துமிடத்தில் வரிசையில் நிற்கிறவர்களில் பெரும்பாலோரின் நோய் இதுதான்.

சந்தையும் திரும்பிக்கொண்டிருக்கிறது. பெற்றோல் புல்வெட்டிக்குப் பெயர்போன ஹொண்டா, அமெரிக்காவில் அவற்றின் உற்பத்தியை 2023இல் நிறுத்திவிட்டது. பழையவை இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. நல்ல நிலையில் ஒன்று கிடைத்தால் தயங்க வேண்டாம், ஆனால் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது எழுப்பிக் காட்டச் சொல்லுங்கள். விற்கிறவர் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் காலையில் அது எழும்புகிற சிரமம் உங்களுக்குத் தெரியாமல் போகும்.

படி 4: தள்ளுவதா, தானே ஓடுவதா

சமதரை, 2,000 சதுர அடிக்குள், உடம்பில் வலுவும் இருக்கிறது என்றால் தள்ளுகிற வகையே போதும். பாரமும் விலையும் குறையும், பழுதாக ஒரு பாகம் குறைவு.

சரிவு இருந்தால், முழங்காலோ முதுகோ நோகுமென்றால், தானே ஓடுவதை வாங்குங்கள். முன்சில்லு இழுப்பது திருப்புவதற்கு இலகு, பிடியை அழுத்தி முன்பக்கத்தைத் தூக்கினால் உடனே நிற்கும். ஆனால் பின்னால் பை நிறைந்ததும் பாரம் பின்னே போய், முன்சில்லு வழுக்கத் தொடங்கும். சரிவுள்ள வளவுக்குப் பின்சில்லு இழுப்பதே சரி. வேகம் உங்கள் நடைக்கு ஏற்ப மாறக்கூடியதா என்று பாருங்கள். ஒரே வேகத்தில் ஓடுவது வயதானவரை இழுத்துக்கொண்டு போகும்.

சரிவில் எப்போதும் குறுக்காக நடந்து வெட்ட வேண்டும், மேலும் கீழுமாக அல்ல. கால் வழுக்கினால் நீங்கள் இயந்திரத்தின் மேலோ இயந்திரம் உங்கள் மேலோ வராமல் இருக்க அது ஒன்றே வழி.

படி 5: வெட்டிய புல் எங்கே போகும்

மூன்று வழி உண்டு. நன்றாகத் துணித்துத் தரையிலேயே விடுவது, பையில் பிடிப்பது, பக்கத்தால் எறிவது. ரொறன்ரோ நகரம் வெட்டிய புல்லைக் குப்பையோடு எடுப்பதில்லை. பையில் பிடித்தால் அதை எங்கே கொட்டுவது என்ற கேள்வி வாராவாரம் வரும். ஆகவே துணித்து விடுவதில் கெட்டியான இயந்திரமாகத் தேர்ந்தெடுங்கள். நுணுக்கமாக விழுந்த புல் சில நாளில் மண்ணோடு கலந்துவிடும், அதிலிருந்த நைதரசன் திரும்பப் புல்லுக்கே போகும். உரத்தில் ஒரு பங்கு மிச்சம். காய்கறிப் பாத்தி வைத்திருப்பவர்களுக்குப் பையும் பிரயோசனம்தான். இலையுதிர் காலத்தில் மேப்பிள் இலைகளை அதே இயந்திரத்தால் துணித்துப் பையில் பிடித்து பாத்தியில் மூடி விடலாம். நான் ஒவ்வொரு ஒக்ரோபரிலும் அப்படிச் செய்கிறேன், அடுத்த ஆண்டு மண் பொலபொலவென்று இருக்கிறது.

வெளிக்கூடு உருக்காக இருந்தால் உறுதி, ஆனால் ஈரப்புல் ஒட்டிக் கிடந்தால் துருவேறும். பிளாஸ்டிக் கூடு துருவேறாது, கல் பட்டால் வெடிக்கலாம். அலுமினியம் இரண்டையும் தாங்கும், விலை கூட.

படி 6: கடையில் கையால் பார்க்க வேண்டியவை

இணையத்தில் எவ்வளவு படித்தாலும் ஒரு தடவை கடைக்குப் போங்கள். காட்சிக்கு வைத்திருப்பதன் பிடியைப் பிடித்து, நடைபாதையில் பத்தடி தள்ளி, பின்சில்லில் சாய்த்துத் திருப்புங்கள். பிடி உங்கள் இடுப்புக்குச் சற்று மேலே வர வேண்டும். குனிந்து தள்ள நேர்ந்தால் முதுகு நோகும். வீட்டில் வேறு யாராவது வெட்டப்போவதாக இருந்தால் அவரையும் கூட்டிப்போங்கள். பிடியோடு சேர்த்து அழுத்த வேண்டிய பாதுகாப்புத் தண்டை அவருடைய கை எட்டுகிறதா, அரைமணி நேரம் அழுத்தி வைத்திருக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். அந்தத் தண்டைக் கைவிட்டதும் மூன்று விநாடிக்குள் பிளேட் நின்றுவிட வேண்டும் என்பது அமெரிக்காவில் 1982 முதல் உள்ள விதி. பழைய இயந்திரம் வாங்கும்போது அந்தத் தண்டைக் கயிற்றால் கட்டி வைத்திருந்தால், பேரம் பேசாமல் திரும்பி வாருங்கள்.

பிறகு பிடியை மடக்கிப் பாருங்கள். பல பற்றரி இயந்திரங்களை மடக்கி நிமிர்த்தி வைக்கலாம். காரும் சைக்கிள்களும் பனிச் சில்லுகளும் நிறைந்த கராஜில் அது பெரிய உதவி. பெற்றோல் இயந்திரத்தை அப்படி நிமிர்த்தினால் ஒயிலும் பெற்றோலும் ஒழுகும், அதற்கென்று வடிவமைத்தவை தவிர.

விலைப்பட்டியலில் உள்ளதற்கு மேல் 13 வீத வரி சேரும். செப்ரெம்பர், ஒக்ரோபரில் மீதியிருப்பவற்றை விலை குறைத்துத் தள்ளுவார்கள். இந்தக் கோடையை அயலவரிடம் இரவல் வாங்கிச் சமாளிக்க முடியுமானால் அதுவரை பொறுப்பது நல்லது.

படி 7: வாங்கிய பிறகு

நுனியில் தொடங்கினேன், அதற்கே திரும்ப வருகிறேன். எந்த இயந்திரமானாலும் பிளேட்டை ஆண்டுக்கு ஒரு தடவையாவது, கல்லும் வேரும் உள்ள வளவென்றால் இரண்டு தடவை, தீட்ட வேண்டும். கழற்றுமுன் பற்றரியையும் பாதுகாப்புச் சாவியையும் எடுத்துவிடுங்கள், பெற்றோல் என்றால் ஸ்பார்க் பிளக்கின் வயரைக் கழற்றுங்கள். பெற்றோல் இயந்திரத்தைச் சாய்க்கும்போது காற்று வடி உள்ள பக்கம் மேலே இருக்க வேண்டும். தீட்டிய பிளேட்டைச் சுவரில் ஒரு ஆணியில், நடுத்துளையால் தொங்கவிட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் தாழ்ந்தால் அந்தப் பக்கத்தை இன்னும் கொஞ்சம் அராவுங்கள். சமன் இல்லாத பிளேட் இயந்திரத்தையே உலுப்பி எடுத்துவிடும்.

செருப்போடு புல் வெட்டாதீர்கள். நம்மவர் வளவுகளில் இதைத்தான் அதிகம் காண்கிறேன், ஒவ்வொரு தடவையும் மனம் பதைக்கிறது. பிளேட் நிமிடத்துக்குச் சுமார் 3,000 முறை சுழல்கிறது. வெட்டத் தொடங்குமுன் ஒரு சுற்று நடந்து கல், குச்சி, பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் எல்லாவற்றையும் பொறுக்குங்கள். பிள்ளைகள் அந்த நேரம் வீட்டுக்குள் இருக்கட்டும்.

நவம்பர் தொடக்கத்தில் கடைசி வெட்டு முடிந்ததும், கூட்டின் அடியில் காய்ந்து ஒட்டிய புல்லை மரக்குச்சியால் சுரண்டுங்கள். பெற்றோல் இயந்திரமானால் தாங்கியை வெறுமையாக்கி, எஞ்சின் தானாக நிற்கும்வரை வெளியில் வைத்து ஓட்டுங்கள். கராஜுக்குள் வைத்து ஓட்டக் கூடாது, அதன் புகை ஆளைக் கொல்லும். பற்றரி இயந்திரமானால் இயந்திரம் கராஜிலேயே கிடக்கட்டும், பற்றரியை மட்டும் பாதியளவு ஏற்றிய நிலையில் வீட்டுக்குள் கொண்டுவாருங்கள். உறைநிலையில் ஏற்றினால் லித்தியம் பற்றரி உள்ளேயே கெட்டுவிடும். எங்கள் வீட்டில் அது பேஸ்மென்ட் அலுமாரியில், அரிசி மூடைக்கு மேல்தட்டில், ஏப்ரல்வரை இருக்கும்.